நாள்பட்ட யுவைடிஸ்: கண்ணுக்குள் ரத்தக்குழாய்களைப் படம் பிடிப்பதும் படிப்பதும்

கண் சிவப்பு அடங்கிவிட்டது. வலி இல்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரிகளையும் ஏறக்குறைய வாசிக்க முடிகிறது. ஆனாலும் மருத்துவர், "டை போட்டு ஒரு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துடலாம்" என்கிறார். சரியாகிவிட்ட கண்ணுக்கு எதற்கு இன்னொரு பரிசோதனை என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் தோன்றுவது இயல்புதான்.

கண்ணின் நடு அடுக்கில் வரும் அழற்சியான யுவைடிஸில் வெளியே தெரிவதும் விழித்திரையின் நுண்குழாய்களில் நடப்பதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணின் முன்னறையில் ஒரு அழற்சிச் செல்கூட இருக்காது. அதே கண்ணில் சாயம் ஏற்றிப் பார்த்தால் விழித்திரையின் ஓரம் முழுக்க நுண்குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும். அது தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்தால் நோய் மறுபடி தலைதூக்கும், விழித்திரையின் மையமான மேக்குலாவில் நீர் கோத்துக்கொள்ளும். யுவைடிஸில் பார்வை குறைவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த மேக்குலா வீக்கம்.

புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கும், கண் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பரிசோதனை ஒரு வகைக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். குழாய் கசிகிறதா, அடைத்துவிட்டதா, புதிதாக முளைத்திருக்கிறதா, இதெல்லாம் எந்த அடுக்கில் நடக்கிறது? இவற்றில் எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு ரத்த ஓட்டங்கள், இரண்டு தடுப்புகள்

யூவியா என்பது கண்ணின் நடு அடுக்கு. முன்னால் நிற வளையமான ஐரிஸ், அதற்குப் பின்னால் சிலியரி பாடி, பின்பக்கம் முழுவதும் கோராய்டு. இதில் எங்கே அழற்சி வந்தாலும் யுவைடிஸ்தான். மருந்தை நிறுத்திய 3 மாதத்துக்குள் திரும்பி வந்துகொண்டே இருப்பதை நாள்பட்டது என்று 2005-இல் வெளியான சர்வதேச வரையறை சொல்கிறது.

கண்ணின் பின்பகுதிக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. விழித்திரையின் உள்பகுதிக்கு, பார்வை நரம்புத் தட்டின் நடுவே நுழையும் தமனியின் கிளைகள் உண்டு. வெளிப்பகுதிக்கு கோராய்டு ஊட்டம் கொடுக்கிறது. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு கோராய்டுக்குத்தான் போகிறது.

விழித்திரை நுண்குழாய்களின் சுவரில் செல்கள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். புரதமோ சாயமோ சுலபத்தில் வெளியேறாது. இது உள்தடுப்பு. கோராய்டின் நுண்குழாய்களில் இயல்பிலேயே சிறு துளைகள் உண்டு, அவை கசியத்தான் செய்யும். கசிந்தது விழித்திரைக்குள் வராமல் நடுவிலுள்ள நிறமிச் செல்களின் ஒற்றை அடுக்கு தடுக்கிறது. இது வெளித்தடுப்பு. யுவைடிஸில் இந்த இரண்டில் எது உடைந்திருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் இத்தனை கருவிகள்.

அழற்சி நீடித்தால் குழாய்களில் நடப்பவை: சுவர் தளர்ந்து கசியும், சுவரைச் சுற்றி வெள்ளை உறைபோலப் படியும், உள்ளே அடைத்து அதற்கப்பால் ரத்தம் போகாமல் நிற்கும், ரத்தமில்லாத இடம் வேதிச் சமிக்ஞை அனுப்பி, சுவர் உறுதியற்ற புதுக்குழாய்களை முளைக்க வைக்கும். கடைசியில் சொன்னதுதான் பெரிய ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். முதல் மூன்றையும் நேரத்தில் கண்டுபிடித்தால் நான்காவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஃப்ளோரசின் ஆஞ்சியோகிராம்

ஃப்ளோரசின் என்ற சாயத்தை 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் தயாரித்தார். மனிதக் கண்ணின் ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்க அதைப் பயன்படுத்தும் முறையை 1961-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் நோவாட்னியும் டேவிட் ஆல்விஸும் வெளியிட்டார்கள். அப்போது இருவரும் மருத்துவ மாணவர்கள். இன்றைக்கும் 'குழாய் கசிகிறதா' என்ற கேள்விக்கு இதைவிட நம்பகமான பதில் வேறு பரிசோதனையில் கிடைப்பதில்லை.

நீல ஒளியை, அதாவது 465 முதல் 490 நானோமீட்டர் அலைநீளத்தை, இந்தச் சாயத்தின் மேல் பாய்ச்சினால் அது 520 முதல் 530 நானோமீட்டரில் பச்சையாக ஒளிர்கிறது. கேமராவில் ஒரு வடிகட்டி நீலத்தை மட்டும் உள்ளே விடும், இன்னொன்று திரும்பி வருவதில் பச்சையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் கலந்த சாயத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மீதி 20 சதவீதம் தனியாக ஓடுகிறது. தடுப்பு உடைந்த இடத்தில் வெளியே வந்து ஒளிர்வது பெரும்பாலும் இந்த 20 சதவீதம்தான்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 500 மி.கி. 10 சதவீதக் கரைசலென்றால் 5 மி.லி., 20 சதவீதமென்றால் 2.5 மி.லி. முழங்கை மடிப்புச் சிரையில் ஊசி போட்டு, முதலில் சலைன் செலுத்தி வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்ப்பது பெரிய தவறு. சிரைக்கு வெளியே கசிந்த ஃப்ளோரசின் கடும் எரிச்சலைக் கொடுக்கும், தோல் புண்ணாகவும் கூடும். கையில் வீக்கமோ எரிச்சலோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் குளிர் ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

சாயம் உள்ளே போன 10 முதல் 15 வினாடிக்குள் கண்ணுக்கு வந்துவிடும். அதற்குள் கேமராவின் கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். முதலில் கோராய்டு திட்டுத்திட்டாக வெளுக்கும். ஒன்றிரண்டு வினாடி கழித்து விழித்திரைத் தமனிகள் ஒளிரும். அடுத்து நுண்குழாய்கள் நிறையும். சிரைகளில் முதலில் இரு ஓரங்களில் மட்டும் கோடு விழும், பிறகு முழுதும் நிரம்பும். அரை நிமிடத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். அதன் பிறகு இடைவெளி விட்டு 10 நிமிடம் வரை படம் எடுப்பார்கள். யுவைடிஸில் மிகத் தேவையானவை இந்தக் கடைசிப் படங்கள்தான். நீரிழிவுக் கண்ணுக்கு எடுத்துப் பழகிய சில இடங்களில் 3 நிமிடத்தோடு முடித்துவிடுகிறார்கள். மெதுவாகக் கசியும் நுண்குழாய்கள் அதில் பிடிபடாமலே போகும்.

இரண்டு கண்ணையும் எடுக்க வேண்டும். தொடக்க வினாடிகளில் ஒரு கண்ணைத்தான் தொடர்ந்து எடுக்க முடியும் என்பதால், எந்தக் கண்ணில் சந்தேகம் அதிகமோ அதை முன்கூட்டியே சீட்டில் எழுதிவிடுவது மருத்துவரின் வேலை.

நோயாளி அறிய வேண்டியவை கொஞ்சம் உண்டு. ஊசி போட்டு அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் சிலருக்குக் குமட்டல் வரும். மூச்சை இழுத்து விட்டால் சில நிமிடங்களில் போய்விடும். தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும். சிறுநீர் ஒரு நாள், ஒன்றரை நாள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகப் போகும். மஞ்சள்காமாலை என்று பயப்பட வேண்டாம். அரிப்பு, தடிப்பு எப்போதாவது வரும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக அரிது, ஆனாலும் வரக்கூடியது. அட்ரினலின், ஹைட்ரோகார்ட்டிசோன், ஆக்ஸிஜன் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. தோலில் சிறிதளவு போட்டுப் பார்க்கும் சோதனை ஊசி ஒத்துக்கொண்டது என்பதற்காக முழு அளவும் ஒத்துக்கொள்ளும் என்று உத்தரவாதம் கிடையாது.

ஆஸ்துமா, முன்பு ஏதாவது மருந்து சேராமல் போனது, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பாலூட்டுதல் இவற்றையெல்லாம் முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். ரத்தப் பரிசோதனை ஏதாவது பாக்கி இருந்தால் சாயம் ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள். சாயம் கலந்த ரத்தம் சில ஆய்வக முடிவுகளைக் குழப்பும். கண்பாப்பா விரிவதற்கான சொட்டு போடுவதால் அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும்.

மூட்டுவாதத்தோடு வரும் யுவைடிஸ் உள்ள குழந்தைகளுக்கு ஊசி பெரிய தடை. அவர்களுக்குச் சாயத்தை ஜூஸில் கலந்து குடிக்கக் கொடுத்தும் எடுக்கலாம். தொடக்க வினாடிகளின் ஓட்டம் அதில் தெரியாது. ஆனால் தாமதமாக வரும் கசிவு நன்றாகவே தெரியும், குழந்தைகளில் பெரும்பாலும் தேவைப்படுவதும் அதுதான்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கசிவல்ல

படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்பவர் முதலில் தடுமாறும் இடம் இது. ஒரே இடத்தின் தொடக்கப் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேரம் போகப்போக ஒளியும் கூடி, பரப்பும் விரிந்து, ஓரம் மங்கினால் அது கசிவு. ஒளி கூடி, ஓரம் மட்டும் அப்படியே கூர்மையாக நின்றால் திசு சாயத்தை உறிஞ்சியிருக்கிறது. பழைய தழும்பில் இப்படித்தான் இருக்கும். ஒரு குழிக்குள் நிரம்பி, குழியின் வடிவத்துக்கு நின்றுவிட்டால் அது தேக்கம். தொடக்கத்திலேயே பளிச்சென்று இருந்து, கோராய்டு மங்கும்போது அதுவும் சேர்ந்து மங்கினால் அங்கே நிறமி அடுக்கு தேய்ந்து பின்னாலிருக்கும் ஒளி தெரிகிறது என்று பொருள். அழற்சி அங்கே இப்போது இருக்க வேண்டியதில்லை.

கறுப்பிலும் இரண்டு வகை உண்டு. ரத்தக்கசிவோ நிறமியோ மறைப்பதால் வரும் கறுப்பு ஒன்று. குழாய் அடைத்து ரத்தம் போகாததால் வரும் கறுப்பு இன்னொன்று. சந்தேகம் வந்தால் அதே இடத்தின் வண்ணப் படத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே ரத்தம் இருந்தால் மறைப்பு. ஒன்றுமே இல்லாமல், சாம்பல் கறுப்பாக, அதன் ஓரத்தில் நுண்குழாய்கள் வெட்டினாற்போல் நின்றிருந்தால் அடைப்பு.

யுவைடிஸில் கசிவின் அமைப்பே நோயைப் பற்றி ஏதோ சொல்லும். மேக்குலாவைச் சுற்றி இதழ் இதழாகச் சாயம் தேங்கினால் அது மேக்குலா வீக்கம். விழித்திரை முழுவதும் ஃபெர்ன் இலை நரம்புகளைப் போல நுண்குழாய்கள் கசிந்தால், உடல் முழுவதும் ரத்தக்குழாய்களைத் தாக்கும் பெஷெட் நோயை நினைக்க வேண்டும். சிரைகளை ஒட்டித் துண்டுதுண்டாகச் சாயம் பிடித்தால், உடலில் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ், காசநோய் இரண்டையும் பார்க்க வேண்டும். தமனிகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் ஹெர்ப்பஸ் வகை வைரஸ், லூபஸ் போன்றவற்றின் பக்கம் சந்தேகம் திரும்பும். இவை குறிப்புகள்தான். நோயின் பெயரை ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு ஸ்கேனும் உடல் பரிசோதனையும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

ஒரு எச்சரிக்கை. கடைசிப் படங்களை எடுக்கும்போது ஒளி போதவில்லை என்று கேமராவின் உணர்திறனை அதிகமாகக் கூட்டிவிட்டால் நல்ல கண்ணும் கசிவதுபோல் தெரியும். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லான விட்ரியஸில் மங்கல் இருந்தாலும் பார்வை நரம்புத் தட்டு அளவுக்கு மீறி ஒளிரும். அதனால் 'தட்டில் கசிவு' என்று எழுதுவதற்கு முன் படம் முழுவதும் அதே அளவில் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவின் அளவை ஒப்பிட மதிப்பெண் முறையும் உண்டு. 2010-இல் யுவைடிஸ் நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட அந்த முறையில் ஃப்ளோரசின் படத்துக்கு அதிகபட்சம் 40, ஐ.சி.ஜி. படத்துக்கு 20. ஆய்வுகளில் இது நல்ல கருவி. அன்றாட மருத்துவமனையில் எந்தக் கால்வட்டம், எந்தச் சிரை என்று தெளிவாக எழுதினாலே போதும்.

ஈல்ஸ் நோய்: ஓரத்தில் தொடங்கும் சிக்கல்

குழாய்ப் படம் எவ்வளவு தூரம் சிகிச்சையை மாற்றும் என்பதற்கு நம் பகுதியில் அடிக்கடி காணும் ஈல்ஸ் நோயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹென்றி ஈல்ஸ் 1880-இல் இதை விவரித்தார். இன்று மேலைநாடுகளில் அரிது, இந்தியத் துணைக்கண்டத்தில் அதிகம். பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருகிறது. நன்றாக இருந்த கண்ணில் திடீரென்று சிலந்தி வலை போலவும் புகை போலவும் மிதக்கும். விட்ரியஸில் ரத்தம் கசிந்திருக்கும். காசநோய்க் கிருமியோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று நெடுங்காலமாகவே சந்தேகம். இத்தகைய கண்களிலிருந்து எடுத்த திசுவிலும் திரவத்திலும் அந்தக் கிருமியின் மரபணுவைச் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் கண்டறிந்தது அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது.

இந்த நோய் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. சாதாரண கேமரா 30 முதல் 50 டிகிரி வரைதான் பார்க்கும். நோயாளி நேராகப் பார்க்கும்போது எடுத்த படத்தில் மேக்குலாவும் நரம்புத் தட்டும் பழுதில்லாமல் இருக்கும். அதைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதிவிட்டால் முடிந்தது. அகலக்கோணக் கருவிகளில் சில ஒரே படத்தில் 200 டிகிரி, விழித்திரையின் 82 சதவீதம் வரை காட்டுகின்றன. அதில் பார்த்தால் ஓரச் சிரைகள் திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்திருப்பதும், அதற்கு வெளியே ஒரு நுண்குழாய்கூட இல்லாத சாம்பல் பரப்பும், இரண்டுக்கும் நடுவேயுள்ள எல்லையில் பஞ்சுபோலக் கசியும் புதுக்குழாய்களும் தெரியும்.

சிகிச்சை இங்கேதான் பிரிகிறது. சிரை கசிகிறது, அடைப்பு இல்லை என்றால் காரணத்துக்கான மருந்தும் அழற்சியை அடக்கும் மருந்தும் போதும். பரவலான அடைப்பு இருந்து அதன் எல்லையில் புதுக்குழாய் முளைத்திருந்தால், ரத்தமில்லாத அந்தப் பரப்புக்கு லேசர் வேண்டும். புதுக்குழாய் இருந்தும் எங்கேயும் அடைப்பே இல்லாவிட்டால், அது அழற்சியால் மட்டுமே முளைத்திருக்கலாம். சார்காய்டோசிஸில் நரம்புத் தட்டின் மேல் அப்படி வருவதுண்டு, மருந்திலேயே சுருங்கிவிடும். ஆகவே புதுக்குழாயைப் பார்த்த உடனே லேசரைக் கையில் எடுப்பது சரியல்ல. அழற்சி சூடாக இருக்கும்போது போடும் லேசர் வீக்கத்தைக் கூட்டவும் கூடும். முதலில் அழற்சியை அடக்கி, பிறகு லேசர் என்பதே பொதுவான வரிசை.

அகலக்கோணக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. சாதாரண கேமராவிலேயே மேலே, கீழே, இரு பக்கம், மூலைகள் என்று பார்வையைத் திருப்பச் சொல்லி எடுத்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்குத் திட்டமிட்ட வரிசை வேண்டும், எடுப்பவருக்குப் பொறுமையும் வேண்டும். அகலக்கோணக் கருவிக்கும் ஒரு குறை உண்டு. கீழ் ஓரத்தை இமையும் முடியும் மறைத்துவிடும். கண்ணின் நடுப்பகுதியைத் தாக்கும் யுவைடிஸ் வகையில் வெள்ளைப் படிவு சேர்வது பெரும்பாலும் அந்தக் கீழ் ஓரத்தில்தான்! இமையைக் காட்டன் குச்சியால் தாழ்த்திப் பிடித்து, கீழே பார்க்கச் சொல்லித் தனியாக ஒரு படம் எடுக்காவிட்டால் முக்கியமான இடமே விட்டுப்போகும்.

கோராய்டுக்குள் பார்க்க: ஐ.சி.ஜி.

ஃப்ளோரசினின் நீல ஒளி நிறமி அடுக்கைத் தாண்டிச் சரியாகப் போவதில்லை. கோராய்டிலும் சாயம் உடனே வழிந்து எல்லாவற்றையும் ஒரே வெளிச்சமாக்கிவிடும். இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம், சுருக்கமாக ஐ.சி.ஜி., இந்த இரண்டு தடையையும் தாண்டுகிறது. அகச்சிவப்புப் பக்கத்தில், ஏறக்குறைய 800 நானோமீட்டரில் தூண்டப்பட்டு 830-ஐ ஒட்டி ஒளிர்வதால் நிறமியும் மெல்லிய ரத்தப் படலமும் மறைப்பதில்லை. 98 சதவீதம் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் மெதுவாகத்தான் வெளியேறும். வழக்கமான அளவு 25 மி.கி.; கடைசிப் படம் அரை மணி நேரத்தில். ஈரல் வழியாக வெளியேறும். மருந்தில் அயோடைடு கலந்திருப்பதால் அயோடின் ஒவ்வாமையை முன்பே கேட்டுவிட வேண்டும்.

இதில் கறுப்புப் புள்ளிகளுக்குத்தான் மதிப்பு. கோராய்டின் திசுவில் சாயம் மெல்லப் பரவி, அரை மணி நேரத்தில் பின்னணி முழுவதும் ஒரே சீராக மங்கலாக ஒளிர வேண்டும். அழற்சிக் கட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் சாயம் அங்கே புகாது. கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். கட்டி கோராய்டின் முழுத் தடிமனுக்கும் இருந்தால் கடைசிவரை கறுப்பு. பாதித் தடிமன் என்றால் தொடக்கத்தில் கறுத்து, பிறகு சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். நிறமிச் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் வோக்ட்-கொயனாகி-ஹராடா நோயில் இது கண்கூடு. கண் அமைதியாக இருக்கும், ஃப்ளோரசினும் அமைதியாக இருக்கும், ஐ.சி.ஜி.யில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அப்போது ஸ்டீராய்டைக் குறைத்தால் நோய் கோராய்டைத் தின்றுகொண்டே போய், சில ஆண்டுகளில் விழித்திரையின் பின்னணி அந்திச் சிவப்பாக வெளுத்துவிடும். இந்த நோயிலும் பேர்ட்ஷாட் கோராய்டு அழற்சியிலும் ஐ.சி.ஜி. இல்லாமல் மருந்தைக் குறைப்பது அரைகுறை வேலை என்பது எங்கள் உறுதியான கருத்து.

சாயமில்லாமல்: ஓ.சி.டி., ஓ.சி.டி.ஏ.

ஓ.சி.டி., அதாவது ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராபி, ஒளியலைகளைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகக் குறுக்கே வெட்டிக் காட்டுகிறது. 5 முதல் 7 மைக்ரான் நுணுக்கத்தில் மேக்குலாவின் தடிமனை அளக்கும். வீக்கம் கூடியதா குறைந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க இதுவே போதும். அதற்காக ஒவ்வொரு முறையும் சாயம் ஏற்றத் தேவையில்லை.

ஓ.சி.டி.ஏ., அதாவது ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி, அதே கருவியின் அடுத்த கட்டம். ஒரே கோட்டை சில மில்லி வினாடி இடைவெளியில் இரண்டு முதல் நான்கு முறை ஸ்கேன் செய்கிறது. மவுண்ட் ரோட்டை ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்தால் கட்டடங்கள் மாறாமல் இருக்கும், ஓடும் வண்டிகள் மட்டும் இடம் மாறியிருக்கும். அந்த வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்தால் சாலை எங்கே என்று தெரிந்துவிடும். கண்ணில் ஓடும் வண்டிகள் ரத்தச் சிவப்பணுக்கள். ஊசி இல்லை, சாயம் இல்லை, குமட்டல் இல்லை, சில வினாடிகளில் முடிந்துவிடும். விழித்திரையின் மேல் நுண்குழாய் வலை, ஆழ் வலை, கோராய்டின் நுண்குழாய் அடுக்கு என்று தனித்தனியாகவும் பிரித்துக் காட்டும். ஃப்ளோரசினில் ஆழ் வலையைத் தனியே பார்க்க வழியே இல்லை.

நாள்பட்ட யுவைடிஸில் மேக்குலாவைச் சுற்றி நுண்குழாய் அடர்த்தி குறைந்திருப்பதை ஓ.சி.டி.ஏ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீக்கம் வற்றிய பிறகும் பார்வை திரும்பாத சிலருக்கு, நடுவிலுள்ள குழாயற்ற வட்டம் பெரிதாகி ஒழுங்கற்றுப் போயிருப்பதை இதில் பார்க்கலாம். அந்த வட்டத்தின் அளவு நல்ல கண்களிலேயே ஆளுக்கு ஆள் நிறைய மாறும் என்பதால் ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது. காசநோயோடு தொடர்புள்ள, பாம்புபோல வளைந்து பரவும் கோராய்டு அழற்சியில், கோராய்டின் நுண்குழாய் அடுக்கில் ஓட்டமற்ற இடங்களை இது நன்றாகக் காட்டும். தழும்பின் ஓரத்தில் முளைக்கும் புதுக்குழாய் வலையைக் கண்டுபிடிப்பதிலும் ஃப்ளோரசினைவிடச் சில நேரம் கைகொடுக்கும். அங்கே அழற்சிப் புண்ணும் கசியும், புதுக்குழாயும் கசியும், சாயத்தில் இரண்டும் ஒரே வெள்ளை. ஓ.சி.டி.ஏ.யில் வலைப்பின்னல் தனியாகத் தெரிந்தால் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து பற்றி முடிவெடுக்கலாம்.

ஆனால் கசிவை இது காட்டாது. ஒரு துளிகூடக் காட்டாது. கசியும் குழாயிலும் ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், படத்தில் நலமான குழாய்போலவே தெரியும். 'ஓ.சி.டி.ஏ. எடுத்தாச்சு, இனி டை டெஸ்ட் வேண்டாம்' என்று யுவைடிஸ் நோயாளியிடம் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை.

இன்னும் சில பொறிகள் உண்டு. மிக மெதுவாக ஓடும் ரத்தத்தை கருவி பிடிக்காது. படத்தில் குழாய் இல்லை என்றால் ஓட்டம் குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம், குழாய் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. மேலேயுள்ள பெரிய குழாயின் நிழலுருவம் கீழ் அடுக்கில் விழுந்து அங்கேயும் குழாய் இருப்பதாக ஏமாற்றும். மேக்குலாவில் நீர்ப்பைகள் இருந்தால் அடுக்குகளைப் பிரிக்கும் கோடு தடம் மாறிவிடும். நீர்ப்பை இருக்கும் இடம் கறுப்பாகத் தெரிவது குழாய் அடைத்ததாலா, ஒதுங்கியதாலா என்று அப்போது சொல்ல முடியாது. வீக்கம் வற்றிய பிறகு ஒரு முறை எடுத்து அதை வைத்துப் பேசுவது நல்லது. வண்ண வரைபடத்தை மட்டும் பார்க்காமல், கீழே வரும் குறுக்குவெட்டில் கோடுகள் சரியான அடுக்கில் ஓடுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கருவி அச்சிட்டுத் தரும் 'குழாய் அடர்த்தி' எண்ணில் இன்னும் கவனம் வேண்டும். சமிக்ஞை குறைந்தாலே அந்த எண் குறையும். ஸ்டீராய்டால் கண்புரை கூடியிருந்தால், விட்ரியஸ் மங்கியிருந்தால், கண் காய்ந்திருந்தால் நோய் மாறாமலே எண் இறங்கிவிடும். 10-க்கு மதிப்பெண் தரும் கருவியில் சமிக்ஞை 6-க்கோ 7-க்கோ கீழே இருந்தால் எண்ணை ஒப்பிட வேண்டாம். ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்ததை இன்னொன்றோடு ஒப்பிடவும் வேண்டாம். நுண்குழாய்களைத் துல்லியமாகப் பார்க்க 3 மி.மீ.க்கு 3 மி.மீ. படம், பரப்பு வேண்டுமென்றால் 6-க்கு 6 அல்லது 12-க்கு 12. பரப்பு கூடக் கூட நுணுக்கம் குறையும்.

படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

நாள்பட்ட யுவைடிஸ் கண்ணில் படம் எடுப்பதே ஒரு சவால். ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கண்பாப்பா விரியாது. கருவிழியில் சுண்ணாம்புப் பட்டை படிந்திருக்கும். கண்புரை இருக்கும். டிராபிகமைடு, ஃபினைல்எஃப்ரின் கலந்த சொட்டைப் பல முறை போட்டும் 3, 4 மி.மீ.க்கு மேல் விரியவில்லை என்றால் லேசர் ஸ்கேன் வகைக் கேமரா சாதாரண கேமராவைவிட நன்றாக எடுக்கும். கருவிழியை அழுத்தி அளவெடுக்கும் பரிசோதனைகளைப் படத்துக்கு முன்பு செய்யக் கூடாது. அவை மேற்பரப்பைக் கலைத்து எல்லாப் படத்தையும் மங்கலாக்கும். உலர்ந்த கண்ணுக்கு ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை இமைக்கச் சொன்னால் ஓ.சி.டி.ஏ. படம் கண்ணெதிரே தெளிவாகும்.

எப்போது எடுப்பது? கண்ணின் பின்பகுதியில் நோய் இருக்கலாம் என்று தெரிந்தவுடன், சிகிச்சை தொடங்கும்போது ஒரு முழு ஆஞ்சியோகிராம் வேண்டும். பின்னால் எல்லாவற்றையும் ஒப்பிட அதுதான் அடிப்படை. பிறகு, காரணம் தெரியாமல் பார்வை குறையும்போது. உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தைத் தொடங்கியோ மாற்றியோ அதன் பலனைப் பார்க்கும்போது. ஸ்டீராய்டைக் கடைசிக் கட்டமாகக் குறைக்கும் முன்பு. கண்புரை அறுவைக்கு முன்பு. குறைந்தது 3 மாதம் கண் அமைதியாக இருந்தால்தான் அறுவை என்பது வழக்கம். அந்த அமைதி விழித்திரைக் குழாய்களிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒப்பிடும்போது 5-ஆம் நிமிடப் படத்தை 5-ஆம் நிமிடப் படத்தோடும், 10-ஐ 10-ஓடும் வையுங்கள். முந்தைய 3-ஆம் நிமிடத்தையும் இப்போதைய 10-ஆம் நிமிடத்தையும் அருகருகே வைத்தால் குணமாகிவரும் கண்ணும் மோசமானதுபோல் தெரியும், தேவையில்லாமல் மருந்து கூடிவிடும். இதற்காகத்தான் நோயாளிகள் அச்சிட்ட இரண்டு படமும் ரிப்போர்ட்டும் மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், நேரம் பதிந்த எல்லாப் படங்களையும் பென் டிரைவிலோ சி.டி.யிலோ கேட்டு வாங்கி, மருத்துவமனை மாறும்போது கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.